பழைய கிரைண்டர் வாங்கப் போன கதை

போன மாதம் என் தங்கை மகன் வந்து, "மாமா, ஒரு பழைய கிரைண்டர் விலைக்கு வருது, கூட வாங்க" என்றான். "மாவு அரைக்கவா? நம்ம வீட்டிலேயே ஒண்ணு சும்மாக் கிடக்கே" என்றாள் என் மனைவி.

அவன் சொன்னது சர்ஃபேஸ் கிரைண்டர். இரும்பின் மேல்பரப்பைச் சாணைக் கல்லால் மயிரிழை பிசகாமல் சமன் செய்யும் மெஷின். நான் படித்த பிரெஞ்சில் இதை 'ரெக்திஃபியேஸ்' என்பார்கள். திருத்துகிறவள் என்று வைத்துக்கொள்ளலாம். முப்பத்தைந்து வருஷம் கோப்புகளில் பிழை திருத்தியவனுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. ஆனால் மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவனோ மனைவியின் நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் புரட்டியிருந்தான். அதனால் எங்கள் தெருவில் இருக்கும், கிரைண்டிங்கிலேயே தலை நரைத்த பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டோம்.

மெஷினுக்குப் புதுப் பச்சைப் பெயின்ட். எனக்குப் பார்த்ததும் திருப்தி. பெரியவர் பெயின்டைப் பார்க்கவே இல்லை. கல்லைக் கழற்றி, விரலை நுழைத்துத் தொங்கவிட்டு, மரக் கைப்பிடியால் தட்டினார். மண்பானை வாங்கும்போது தட்டுவோமே, அதேதான். கணீரென்றால் நல்லது, சத்தம் செத்திருந்தால் விரிசல். கல் நன்றாக இருந்தது. அதை மாட்டி அரை மணி நேரம் ஓடவிட்டு, ஸ்பிண்டில் பேரிங் பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்புதான், கொதிப்பு இல்லை.

பிறகு காந்தச் சக்கில் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து துண்டுகளை வைத்துச் சாணை பிடித்து, மைக்ரோமீட்டரில் அளந்தார். ஐந்தும் ஒரே தடிமன். "எடுத்துடலாம்டா" என்றேன். அவன் முன்பணத்துக்குப் பைக்குள் கைவிட்டான்.

"பொறு தம்பி. சக்கைப் பாரு, பளபளன்னு இருக்கு. இதே மெஷின்ல புதுசா சாணை பிடிச்சிருக்காங்க. மேசை வழித்தடம் தேஞ்சிருந்தா, அந்த வளைவு சக்கிலயும் விழும், துண்டிலயும் விழும். தடிமன் சரியாத்தான் காட்டும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. பற்று, வரவு இரண்டு பக்கத்திலும் ஒரே தப்பை எழுதினால் கூட்டல் ஒத்துப்போகும். அப்படி ஒத்துப்போன கணக்கில் நானே கையெழுத்துப் போட்டு மெமோ வாங்கியிருக்கிறேன்.

பெரியவர் ஒரு நீளப் பட்டையைச் சாணை பிடித்து, நீலச் சாயம் தடவிய சர்ஃபேஸ் பிளேட்டில் கவிழ்த்து லேசாகத் தேய்த்தார். திருப்பினால், இரண்டு ஓரத்தில் மட்டும் நீலம். நடுவில் ஒரு பொட்டு இல்லை. பல வருஷம் குட்டைத் துண்டுகளாகவே ஓட்டியதில் வழித்தடம் நடுவில் குழிந்துவிட்டது. திரும்ப ஸ்க்ரேப்பிங் செய்தால் சரியாகும். அந்தச் செலவு இவன் சக்திக்கு மேல்.

விற்பவருக்கும் எங்கள் வயதுதான். "சக்கைச் சுத்தமா காட்டணும்னுதான் பிடிச்சேன். ஏமாத்த இல்லைங்க" என்றார். நான் நம்பினேன். அந்த மெஷினை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாராம். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

மறுநாள் நகையை மீட்டுவிட்டதாகத் தங்கை போனில் சொன்னாள். பையன் வேறு மெஷின் தேடுகிறான். இந்த முறை, "எடுத்துடலாம்" என்று சொல்ல நான் வாயைத் திறக்கப் போவதில்லை.