முந்துதல்

படுக்கையில் ஆணுக்கு நேரும் இந்த விஷயத்தைப் பேச நம்மிடம் இரண்டு மொழிகள்தான் இருக்கின்றன. ஒன்று, வாலிப வயோதிக அன்பர்களை விளித்து பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் எழுதப்படுவது. மற்றது, நண்பர்களுக்குள் கேலியாகச் சொல்லப்படுவது. முதலாவது பயமுறுத்துகிறது. இரண்டாவது சிரித்துத் தப்பித்துக்கொள்கிறது. ‘துரித ஸ்கலிதம்’ என்ற டாக்டரின் சொல் யார் வாயிலும் உட்காருவதில்லை. இருபது வருஷமாக எழுதுகிறேன். இதைச் சொல்ல என்னிடமும் சொல் இல்லை.

சுவரில் எழுதுகிறவர்களிடம் காரணம் தயாராக இருக்கிறது: இளமையில் விந்தை வீணாக்கியது. இந்த பயத்துக்கே 1960-ல் என். என். விக் என்ற மனநல மருத்துவர் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டார். விந்து போவதல்ல, போய்விடுகிறதே என்ற கவலைதான் நோய் என்றாகிறது. இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க 1954-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. சுவர் அதைப் படிக்கவில்லை.

‘முந்துதல்’ என்கிறோம். எதற்கு முந்தி? 1948-ல் கின்ஸி, விரைவில் முடிவதை நோயாகவே கருதவில்லை. விலங்குகளை எடுத்துக்காட்டி அது உடலின் திறமை என்றார். 1970-ல் மாஸ்டர்ஸும் ஜான்சனும் பெண்ணின் திருப்தியை அளவுகோலாக்கினார்கள். 2008-ல் நிபுணர்கள், முதல் அனுபவத்திலிருந்தே இருந்துவரும் வகைக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம் என்று வரம்பு வைத்தார்கள். அறுபது வருஷத்தில் அளவுகோல் விலங்கிடமிருந்து பெண்ணிடமும், பெண்ணிடமிருந்து கடிகாரத்திடமும் போயிருக்கிறது.

மருந்து வந்த வழியும் விசித்திரமானது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஸ்கலிதம் தாமதமானது. பக்க விளைவு என்று எழுதிவைத்த அதுவே வேறு சிலருக்கு மருந்தாயிற்று. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டாபாக்ஸெடின் ரத்தத்திலிருந்து சீக்கிரம் நீங்கிவிடும். துக்கத்துக்கு உதவாத அந்தக் குணம் இதற்கு உதவியது. 2009-ல் பின்லாந்தும் ஸ்வீடனும் அனுமதித்தன, அமெரிக்கா அனுமதிக்கவில்லை. இங்கே கிடைக்கிறது.

2006-ல் வெளியான அதன் பரிசோதனையில் பெண்ணின் கையில் ஸ்டாப் வாட்ச் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் சராசரி 0.9 நிமிஷம். பன்னிரண்டு வாரத்தில் 30 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு 2.78, 60 மில்லிகிராமுக்கு 3.32. மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கு 1.75. இந்தக் கடைசி எண்தான் என்னை விடவில்லை. ஒன்றுமில்லாத மாத்திரையைச் சாப்பிட்டவனுக்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கிறது.

எனக்கு எழுதிக்கொடுத்த டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விகள்தான். மனைவி என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

மாத்திரையை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மத்தியதரக் குடும்பத்தின் இரண்டு அறை வீட்டில் இது சாதாரண நிபந்தனையல்ல. விளக்கணைத்து, குழந்தை தூங்கியது நிச்சயமான பிறகு, ஒரு கை நீள்வதுதான் அங்கே பேச்சு. இப்போது சாயங்காலமே, சமையலறை வாசலில் நின்று, வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

“தலை சுத்துமா?” என்றாள். சுற்றலாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “இது எனக்காகவா, உங்களுக்காகவா?” என்றாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளே சொன்னாள்: “சீக்கிரம் முடியறது எனக்குப் பெரிசில்லை. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லாமப் போயிடறது. அதுதான்.”

பதினாறு வருஷத் தாம்பத்தியத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசிய முதல் வாக்கியங்கள் இவை.

மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. வேலை செய்தது. அதை மறுப்பது எழுத்தாளனின் வீம்பாகத்தான் இருக்கும். ஆனால் நீண்ட நேரத்தில் ரசாயனத்தின் பங்கு எவ்வளவு, சமையலறை வாசலில் சொன்ன வாக்கியத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. போலி மாத்திரை சாப்பிட்டவர்களும், வாட்சை எப்போது அமுக்குவது என்றாவது மனைவியிடம் பேசித்தானே இருப்பார்கள்.

எங்கள் வீட்டில் அதற்கு இப்போது ‘அந்த மாத்திரை’ என்று பெயர். அவள் வைத்தது. இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. சுவரில் இருப்பதைவிட இது தேவலை.