உபாத்தியாயர் படிக்கலாமா?

உத்தியோகம் கிடைத்ததும் உபாத்தியாயர் புத்தகத்தை மூடிவிடுவார் என்று ஒரு பழிச்சொல் உண்டு. அதைத் துடைக்க இன்று நல்ல வசதி வாய்த்திருக்கிறது. 2017-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ‘தீக்ஷா’ என்னும் இணையத் தளத்தின் வாயிலாக, 2020-ல் ‘நிஷ்டா’ ஆசிரியப் பயிற்சி நடைபெற்றது. இராப் போஜனத்துக்குப் பிறகு கைபேசியைத் திறந்து, நானும் மாணாக்கனாகிறேன்.

பாடப் படத்தைக் கடைசிவரை ஓடவிட்டால் மட்டும் பாடம் கற்றதாகிவிடாது. அதற்கு உண்மையான பரீட்சை வகுப்பில்தான். பிள்ளையின் விடையைத் திருத்துமுன் அதற்குக் காரணம் கேட்க வேண்டும் என்பது நான் கற்ற பாடம். கால் பங்கைவிட எட்டில் ஒரு பங்கே பெரிது என்றான் ஒரு பையன். “ஏனப்பா?” என்றேன். “நாலைவிட எட்டு பெரிதல்லவா, ஸார்?” என்றான். ஒரு காகிதத்தை மடிக்கச் சொன்னேன். மடித்துப் பார்த்துத் தானே சிரித்துவிட்டான். கேளாதிருந்தால், கணக்கு நமக்கு வராது என்றே அவன் ஒதுங்கியிருப்பான். சுதந்திர தேசம் அவனை இழக்கலாமா?