மைனர்சனில் காற்று திரும்பிய நாள்

போன கோடையில் சித்தியின் மகன் கேட்டான்: "அண்ணா, காட்டோரத்தில கிறில் போடுவமா? ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

நீடர்சாக்சன் மாநிலத்தில் மார்ச் 1 முதல் ஒக்டோபர் 31 வரை காட்டுக்குள் சிகரெட் பற்றவைப்பதுகூடத் தடை. அதைச் சொன்னதும் முகத்தைத் தூக்கிக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை அவனை மைனர்சன் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

1975 ஓகஸ்ட். லூனபூர்கர் ஹைடே முழுக்க ஒரே வயதுப் பைன் மரங்கள். 1972 நவம்பர் புயலில் விழுந்த மரங்களின் மிச்சம் வேறு காய்ந்து கிடந்தது. மழையில்லை, வெயில், காற்று. 8ஆம் திகதி தொடங்கிய தீ பல இடங்களுக்குப் பரவி, 7,000 ஹெக்டேயருக்கு மேல் காட்டை எரித்தது. 10ஆம் திகதி மைனர்சன் அருகே காற்று திடீரென்று திசை மாற, தீயணைப்பு வீரர்கள் 5 பேர் நெருப்புக்குள் அகப்பட்டு இறந்தார்கள். ஃபாலர்ஸ்லேபன், ஹோஹன்ஹாமெல்ன் ஊர்களிலிருந்து உதவிக்கு வந்தவர்கள்.

"அவையளுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்றான்.

"சம்பளம் இல்லையடா. தொண்டர்கள்."

அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

என் தொழில் ஐடி. தனித்தனியாக நன்றாக ஓடும் இரண்டு மென்பொருட்கள் ஒன்றோடொன்று கதைக்காததால் முழு வேலையும் நின்றுபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றும் ஆட்களுக்கோ துணிச்சலுக்கோ குறைவில்லை. ஆயிரக்கணக்கில் வந்தார்கள், ராணுவமும் வந்தது. ஆனால் வானொலிக் கருவிகள் ஒரே அலைவரிசையில் இல்லை, வரைபடங்கள் போதவில்லை, யார் கட்டளையிடுவது என்பதிலும் குழப்பம். எங்கள் தொழிலில் இப்படி நடந்தால் ஒரு வேலை பிந்தும், அவ்வளவுதான்.

அந்தத் தீக்குப் பிறகுதான் நிறைய மாறியது. கரடுமுரடான காட்டுப் பாதையில் போகக்கூடிய தண்ணீர்த் தாங்கி வண்டிகள் வந்தன. தொடர்பும் கட்டளை ஒழுங்கும் சீராகின. பைன் மட்டும் நின்ற இடங்களில் இலையுதிர் மரங்களையும் கலந்து நட்டார்கள். முன்பு கோபுரத்தில் ஆள் ஏறி இருந்து புகை பார்த்தார்கள். இப்போது அந்த வேலையைக் கமெராக்கள் செய்கின்றன. அவற்றின் படங்களை லூனபூர்க்கில் ஒரு நிலையத்தில் இருந்து கண்காணிக்கிறார்கள்.

ஆனால் தம்பி, தங்கச்சிமாரே, கமெரா புகையைத்தான் காட்டும். அணைக்கப் போவது இன்றைக்கும் பக்கத்து ஊர்த் தொண்டர்கள்தான். உங்கள் வகுப்பில் யாராவது 'யூகண்ட்ஃபாயர்வேர்' போகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அன்று பின்னேரம் சித்தி வீட்டுத் தோட்டத்தில் கிறில் போட்டோம். முடிந்ததும், நான் சொல்லாமலே, அவன் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து கரியில் ஊற்றினான்.