சுடுதண்ணிப் போத்தல்

அம்மா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தா. 1993 மே 1, சனிக்கிழமை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த ஒழுங்கையிலிருந்து ஆமர் வீதிச் சந்தி கூப்பிடு தூரம். காலையிலிருந்தே பேண்ட் வாத்தியச் சத்தம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. ஐக்கிய தேசியக் கட்சியின் மே தின ஊர்வலம். முன்வீட்டு அய்யாவும் பச்சைத் தொப்பியோடு புறப்பட்டுப் போனார். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. தோளில் எப்போதும் செத்தல் மிளகாய் மணக்கும். போகும்போது என் தலையில் தட்டி, "மல்லி, ஒனக்கும் ஒரு தொப்பி கொண்டாறேன்" என்றார். எனக்குப் பன்னிரண்டு வயது.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் யன்னல் கம்பிகள் அதிர்ந்தன. லூசியாள் கோயில் பக்கத்துக் காகங்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. அம்மா அகப்பையோடு வாசலுக்கு ஓடினா. ஆட்கள் செருப்பில்லாமல் ஓடி வந்தார்கள், கடைக் கதவுகள் இழுத்து மூடப்பட்டன, யாரோ குண்டென்றார்கள், யாரோ ஜனாதிபதி என்றார்கள், யாரோ வாயை மூடு என்றார்கள், அப்பா என்னை உள்ளே இழுத்துக் கதவுக்குக் குறுக்குத் தடி போட்டார். அடுப்பில் கத்தரிக்காய் கருகிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் எண்ணெய் கருகினால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

சைக்கிளில் வந்தவன் ஜனாதிபதி பிரேமதாசவுக்குக் கிட்டப் போய் வெடித்தான் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அவரோடு வேறு பலரும் செத்தார்கள். பின்னேரம் டி. பி. விஜேதுங்க பதில் ஜனாதிபதியானார். ஊரடங்கு போட்டார்கள். முன்வீட்டு அய்யா வரவில்லை.

பிரேமதாச எங்கள் பக்கத்து ஆள். வாழைத்தோட்டத்தில் பிறந்து, புதுக்கடை 'சுசரித'விலேயே கடைசிவரை வீடு வைத்திருந்தவர். அந்த வருடம்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுத்தார். என் வெள்ளைச் சட்டையும் அந்தத் துணிதான். அதற்காக அவரைத் தெய்வமாக்கி எழுத மாட்டேன். அவர் ஆட்சியில், 1989இல், தெற்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மாருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் செத்த செய்தி கேட்டு நகரத்தில் சில இடங்களில் பட்டாசு கொளுத்தினார்கள் என்றும் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையில் அதைக் கேட்டு யாரும் ஒன்றும் பேசவில்லை.

எங்களுக்கு வேறு பயம். எட்டு நாளைக்கு முன், ஏப்ரல் 23ஆம் திகதி, கிருலப்பனைக் கூட்டத்தில் எதிரணித் தலைவர் லலித் அத்துலத்முதலியைச் சுட்டிருந்தார்கள். மறுநாள் அந்தப் பக்கத்தில் ஒரு தமிழ் இளைஞனின் உடல் கிடந்தது. அவன்தான் சுட்டவன் என்றார்கள், நம்பியவர்கள் குறைவு. அன்றிலிருந்து அப்பா அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் படுத்தார். மே 1 இரவு கதவைத் தட்டினார்கள். டோர்ச் வெளிச்சத்தில் அட்டையைப் புரட்டினார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். சாரத்தோடு நின்றவருக்குச் சட்டை போட நேரம் கொடுக்கவில்லை, அம்மா பின்னால் சட்டையோடு ஓடினா, ஜீப் போய்விட்டது.

அடுத்த நாளிலிருந்து அம்மா ஊரடங்கு தளர்கிற நேரமெல்லாம் பொலிஸ் வாசலில் நின்றா. அங்கே நின்ற பெண்கள் எல்லார் கையிலும் ஒரு சோற்றுப் பார்சல் இருந்தது. மத்தியானம் திரும்பி வந்ததும் இஞ்சி போட்டுப் பிளேன்டி ஊற்றி, சிவப்புப் பூப் போட்ட சுடுதண்ணிப் போத்தலில் நிரப்பி, "அக்கேயிட்டக் குடுத்திட்டு வா" என்று என்னை அனுப்புவா. அக்கே, முன்வீட்டு அய்யாவின் மனைவி. பெரியாஸ்பத்திரிப் பிரேத அறையில் கணவரைக் காலில் இருந்த பழைய தழும்பை வைத்துத்தான் அடையாளம் கண்டாவாம். பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். ஊதுபத்தி மணத்துக்குள் வேறொரு மணமும் வந்தது. நான் வாயால் மூச்சு விட்டபடி தேத்தண்ணி ஊற்றினேன்.

ஒழுங்கையில் தொலைக்காட்சி இருந்த வீடுகளில் அதுவும் ஒன்று. ஒரு பின்னேரம் அம்மாவும் வந்து அக்கேக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினா. ரூபவாஹினியில் ஹேமா பிரேமதாச. வெள்ளை உடுப்பில், சுற்றிவர ஆட்கள். சேவா வனிதா கூட்டங்களில் குத்துவிளக்கு ஏற்றும்போது பார்த்துப் பழகிய முகம் அது. ஹேமாவும் பிரேமதாசவும் 1964 ஜூன் 23இல் கலியாணம் செய்தவர்கள். பிரேமதாச பிறந்ததும் ஜூன் 23. ஒவ்வொரு வருடமும் கம் உதாவ என்ற கிராம எழுச்சி விழாவையும் அந்த நாளை ஒட்டியே நடத்தினார்கள். இன்னும் ஏழு கிழமையில் அந்த நாள் வர இருந்தது. அக்கேதான் இதைச் சொன்னா. கம் உதாவ பார்க்கக் கணவரோடு ஒரு வருடம் பஸ் பிடித்துப் போனவ.

"அவவும் விடியத் தேத்தண்ணி குடுத்துத்தானே அனுப்பியிருப்பா" என்றா அம்மா.

அக்கே திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எவ்வளவு பேர் சுத்தி நிக்கிறாங்க" என்றா. கொஞ்சம் பொறுத்து, "ராவைக்கு எல்லாரும் போயிருவாங்க, பாவம்."

அப்பா புதன்கிழமை வந்தார். முதுகைக் காட்டவில்லை. மறுநாள், மே 6, சுதந்திரச் சதுக்கத்தில் ஜனாதிபதிக்கு அரச மரியாதையோடு தகனம். அக்கேயின் வீட்டுக்காரரை அதற்கு முன்பே அடக்கம் செய்திருந்தார்கள்.

கொழும்பு அந்தக் காலத்தில் தலைவர்களின் மனைவிமாரை ஒவ்வொருவராக வெள்ளை உடுத்த வைத்துக்கொண்டிருந்தது. 1989 ஜூலை 13இல் புல்லர்ஸ் வீதி வீட்டில் தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கத்தைச் சுட்டபோது அவர் மனைவி மங்கையர்க்கரசிக்காக அம்மா மூன்று நாள் சமைக்கவில்லை. கட்சி மேடைகளில் அவர் பாடிக் கேட்டவ. 1994 ஒக்டோபர் 24இல் தொட்டலங்கையில் காமினி திசாநாயக்க. அந்தச் சத்தமும் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. இரண்டு கிழமையில் ஜனாதிபதித் தேர்தல். காமினியின் மனைவி சிறிமா ஒரு பக்கம். 1988இல் வீட்டு வாசலில் கணவரைப் பறிகொடுத்த சந்திரிகா மறுபக்கம். வாக்குச்சீட்டோடு வந்த அம்மா, "ரெண்டு பேருக்கும் போட ஏலாதே" என்று மட்டும் சொன்னா.

அக்கே வாசலில் அப்பம் சுட்டு விற்று இரண்டு பெண்பிள்ளைகளைக் கரைசேர்த்தா. ஹேமாவின் மகன் சஜித் 2019இலும் 2024இலும் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார். அதைப் பார்க்க அக்கே இருக்கவில்லை.

நாங்கள் இப்போது வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில். போன வருடம் ஒழுங்கையில் பழைய வீடுகளை உடைக்கப்போகிறார்கள் என்று அக்கேயின் மூத்த மகள் சாமான் ஒதுக்கியிருக்கிறா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொலித்தீன் பையோடு படியேறி வந்தா. உள்ளே எங்கள் சுடுதண்ணிப் போத்தல். பூ மங்கி, உள்ளே கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. தேத்தண்ணி கொண்டுபோன கடைசி நாள் நான் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அம்மா ஒருநாளும் கேட்கவில்லை.

அம்மா அதைக் கழுவித் துடைத்து அலுமாரிக்குள் வைத்தா. பிறகு பிளேன்டி போட உள்ளே போனா.