பீடோரில் பால் பிடிக்கும் நாள்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் விரைகிறவர்களுக்கு பீடோர் என்பது ஒரு பச்சைப் பலகை மட்டும்தான். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கும்வரை அப்படி இல்லை. வடக்கே போகும் பேருந்தும் லோரியும் பழைய கூட்டரசு சாலை வழியே பட்டணத்தின் நடுவில் புகுந்து, இங்கே நின்று, சாப்பிட்டு, பழம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பும். சாலையோரக் கடைகள் இன்றும் அந்தப் பழக்கத்தில்தான் பிழைக்கின்றன. முன்வரிசையில் கொய்யா, பீடோரின் பெயரைச் சொல்லும் பழம் அதுதான். தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகப் பெத்தாய், மலையடிவாரத்துச் செமாய் மக்கள் காட்டிலிருந்து இறக்கிக் கொடுப்பது.

சோளம் இவற்றுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கும். வாங்க வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "இது கேமரன் சோளமா?" என்பதுதான். கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை பக்கத்து ஊரான தாப்பாவில் தொடங்குவதால் கேள்வியில் தப்பில்லை. ஆனால் பீடோர் சோளத்தின் ருசி தெரிய வேண்டுமானால் கடைக்குப் போகக்கூடாது. தாமான் வீடுகளின் பின்பக்கம் போக வேண்டும். கால்வாய்க்கும் வேலிக்கும் நடுவே நாலு முழத் துண்டு நிலம் இருக்கும். ஒரு பக்கம் கறிவேப்பிலை, ஒரு பக்கம் முருங்கை, இடையில் ஆள் உயரத்துக்குச் சோளம்.

இந்தத் துண்டு நிலப் பழக்கம் தோட்டத்திலிருந்து வந்தது. ரப்பர்த் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் வெண்டை, கீரை, மிளகாய் என்று எதையாவது போட்டிருப்பார்கள். 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்குத் திண்டாடியபோது, இப்படிப்பட்ட நிலங்களில் விளைந்த மரவள்ளியும் சோளமும்தான் பல குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. பால்மரம் வெட்டியவர்கள் பட்டணத்து ஓரங்களில் வீடு எடுத்துக் குடியேறினார்கள். மண்வெட்டியும் கூடவே வந்தது.

தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோருக்குச் சோளம் என்றால் வேறு பயிர். வெள்ளையாக, மிளகைவிடச் சற்றுச் சிறிய மணியாக இருக்கும் தானியம் அது. இங்கே அது இல்லாததால் மலாய்க்காரர்களின் ஜாகோங்குக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பெயரோடு ஒரு பக்குவமும் ஒட்டிக்கொண்டது. பால் பிடித்த கம்பங்கதிரை உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதித் தின்றவர்களுக்கு, கதிரில் 'பால் பிடிப்பது' என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதிலும் தோட்டத்தில் இருந்தவர்களுக்குப் பால் என்றாலே நேரக் கணக்குதான். விடியுமுன் மரத்தில் நீரழுத்தம் அதிகம், அப்போது வெட்டினால்தான் மங்கு நிறையும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். சோளத்தையும் அவர்கள் காலையில்தான் ஒடிப்பார்கள். வெயில் படாத கதிர் குளிர்ந்திருக்கும், இனிப்பு தாங்கும்.

அந்தப் பக்குவத்தை எப்படிப் பார்ப்பது? நான் பார்த்த ஒரு வீட்டில், ஓய்வுபெற்ற பால்வெட்டுக்காரர் ஒருவர் ஒவ்வொரு செடியிலும் ராஃபியா கயிறு கட்டி வைத்திருந்தார். கதிரின் நுனியில் பட்டு நூல் மாதிரி இழைகள் எட்டிப் பார்த்த அன்று கட்டும் முடிச்சு அது. ஒரே நாளில் பட்டு விட்ட செடிகளுக்கெல்லாம் ஒரே நிறக் கயிறு. இந்தச் சமவெளி வெயிலில் விதைத்து ஏறக்குறைய 50 நாளில் பட்டு வரும். அதிலிருந்து 18 முதல் 21 நாளில் கதிர் தயார். மேலே கேமரனின் குளிரில் இதே பயிர் இன்னும் நாள் எடுத்துக்கொள்ளும். ஆகவே விதைப் பாக்கெட்டின் பின்னால் அச்சடித்த நாளைவிட முடிச்சுப் போட்ட நாள்தான் நம்பகமானது.

பதினெட்டாம் நாளிலிருந்து கண்ணுக்கும் கைக்கும் வேலை. இழைகள் நுனியில் கரும்பழுப்பாகி மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும், மடல் மட்டும் இன்னும் பச்சையாக இருக்க வேண்டும். பலர் அவசரப்படுவது இங்கேதான். மகரந்தம் விழுந்த சில நாளிலேயே இழைகள் வாடத் தொடங்கிவிடும். வாடுவது வேறு, காய்வது வேறு. அடுத்து மடலோடு கதிரின் நுனியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பென்சில் முனைபோல் கூராக இருந்தால் மணி இன்னும் நிரம்பவில்லை. கட்டைவிரல்போல் மழுங்கி இருந்தால் நிரம்பிவிட்டது. சந்தேகம் இருந்தால் மட்டும் மடலை இரண்டு விரற்கடை விலக்கி ஒரு மணியில் நகத்தை அழுத்தலாம். தண்ணீராகத் தெறித்தால் பொறுக்க வேண்டும். பாலாக வந்தால் அன்றே ஒடிக்க வேண்டும். மாவாகப் பிசுபிசுத்தால் நாள் கடந்துவிட்டது. எல்லாக் கதிரையும் இப்படித் திறந்து பார்க்கிறவர்களும் உண்டு. திறந்த இடத்தில் எறும்பும் புழுவும் குடியேறிய பிறகுதான் அந்த ஆசை அடங்கும்.

இந்த நகச் சோதனை பழைய ரகங்களுக்குப் பொருந்துகிற அளவுக்குப் புதிய ரகங்களுக்குப் பொருந்தாது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாஃப்னன் என்ற மரபியலாளர், காய்ந்தால் சுருங்கிப்போகும் ஒரு சோள மணியை வாயில் போட்டுப் பார்த்தார். எதிர்பாராத இனிப்பு. அந்த மரபணுவிலிருந்து வந்தவைதான் இன்று 'சூப்பர் ஸ்வீட்' என்று பாக்கெட்டில் விற்கும் விதைகள். இவற்றில் சர்க்கரை மாவாக மாறுவது மிகவும் குறைவு. அதனால் பக்குவமான மணியின் சாறுகூடக் கெட்டிப் பாலாக வராது, வடிகஞ்சியின் மேல்தெளிவு மாதிரிதான் இருக்கும். பழைய நினைப்பில் கெட்டிப் பாலுக்காகக் காத்திருந்தால் தோல் தடித்து, பல்லில் சிக்கும் கதிர்தான் மிஞ்சும். அம்மா சொன்ன பக்குவம் தப்பு என்று பிள்ளைகள் சொல்ல வேண்டாம். அம்மா சொன்னது வேறு விதைக்கு. இந்த விதைக்கு நாள் கணக்கும் நுனியும்தான் முதல் சாட்சி, நகம் கடைசி.

இதே குணத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. சோளத்துக்குக் காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது. உச்சியில் இருக்கும் ஆண்பூவின் தூள் ஒவ்வொரு இழையிலும் விழுந்தால்தான் அந்த இழைக்குரிய மணி உருவாகும். வேலி ஓரமாக ஒற்றை வரிசையில் நட்டவர்களின் கதிர் பல் விழுந்த குழந்தை வாய்போல் இருப்பது இதனால்தான். நாலுக்கு நாலாகச் சதுரமாக நட்டால் மணி நெருங்கும். பக்கத்து வீட்டில் பழைய ரகமோ கோழித்தீனிச் சோளமோ அதே வாரத்தில் பூத்தால், அந்தத் தூள் விழுந்த மணிகள் நம் செடியிலேயே மாவாக விளையும். ஆகையால் விதைக்குமுன் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இவ்வளவு கணக்கும் எதற்கு? பழைய இனிப்பு ரகத்தில் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஒடித்த கதிரின் சர்க்கரையில் 60 விழுக்காடுவரை ஒரே நாளில் மாவாகிவிடலாம். உறைநிலைக்கு அருகில் வைத்தால் அதே ஒரு நாளில் 6 விழுக்காடுதான் போகும். பீடோரின் பகல் வெப்பம் 30 பாகைக்கு மேல். செடியில் விட்டாலும் கதிர் நிற்காது. இந்த வெயிலில் நல்ல பக்குவம் சில நாள்களில் தாண்டிவிடும். சூப்பர் ஸ்வீட் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான்.

பீடோரின் பெரிய சிக்கல் இந்தச் சில நாள்கள்தான். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் வருவது சனிக்கிழமை. கதிருக்குச் சனிக்கிழமை தெரியாது. "எப்பம்மா ஒடிக்கலாம்?" என்று செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் கேட்டால், "இப்பவே வாயேன்" என்ற பதில்தான் வரும். மகன் வரும்வரை வைத்திருந்து, மாவான கதிரை அவித்துப் போட்டு, அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவதைப் பார்க்கிற அம்மாக்கள் இந்த ஊரில் நிறைய.

ராஃபியாக்காரர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். மொத்தமாக விதைப்பதில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு விதை, அதற்குமேல் இல்லை. எந்த வாரம் பிள்ளைகள் வந்தாலும் ஏதோ ஒரு கட்டம் பக்குவத்தில் இருக்கும். அவர் இன்னொன்றும் செய்கிறார். தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வரும் ஆண்டுகளில், பண்டிகை முடிந்து பிள்ளைகள் திரும்பிப் போனவுடன் ஒரு பாத்தி போட்டுவிடுவார். அங்கிருந்து பொங்கலுக்கு ஏறக்குறைய 70 நாள். கணக்கு அப்படியே பொருந்தும். நவம்பர் மழை மட்டும் இடையில் வந்து மகரந்தத்தை அடித்துப் போகாமல் இருக்க வேண்டும். பொங்கல் காலையில் கரும்போடு சோளக் கதிரும் வாசலில் நிற்கும் வீடு அது.

அணிலும் குரங்கும் இவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். முடிச்சும் நாட்காட்டியும் இல்லாமலே சரியான நாளுக்கு முதல் நாள் வந்துவிடும். ஒரு கதிரை அணில் கடித்திருந்தால் மறுநாள் காலை மற்றவற்றைச் சோதித்துவிடுவது நல்லது. எனக்குத் தெரிந்து செலவில்லாத சோதனை இதுதான்.

ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் ஞாயிறு காலையிலேயே ஒடித்து, மடலை உரிக்காமல், ஈரத்துணி சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டு, சாலை நெரிசலில் மூன்று மணி நேரம் ஊர்ந்தால் கடையில் வாங்கிய சோளத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. வீடு சேர்ந்ததும் கொதிக்கும் தண்ணீரில் நாலைந்து நிமிடம் போதும். உப்பு சாப்பிடும்போது தொட்டுக்கொள்ளலாம்.

தப்பிப்போய் மாவான கதிர்களை யாரும் எறிவதில்லை. உதிர்த்து, கரகரப்பாக அரைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து வடை தட்டிவிடுவார்கள். விதைக்கு என்று காயப்போட்டு வைப்பதில் மட்டும் பயனில்லை. கலப்பின விதையின் பிள்ளை தாயைப்போல் விளையாது. அடுத்த பாத்திக்குப் பட்டணத்து விதைக்கடையில் புதுப் பாக்கெட்தான் வாங்க வேண்டும்.