திரை விலகும் நேரத்து மேளம்



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் நிறைய பேர் கேட்டீங்க, "மேளக்காரங்க ஊருக்குப் போயிட்டாங்களே, சத்தம் எங்கிருந்து வந்துச்சு?"ன்னு. தூணுக்குப் பின்னாடி மடிக்கணினியோட உட்கார்ந்திருந்தது நான்தான். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

நம்ம வித்வான்கள் ரெண்டு பேரும் பெர்மிட் முடிஞ்சு தமிழ்நாட்டுக்குத் திரும்பிட்டாங்க. புது ஆள் வர்ற வரைக்கும் சிடி போடலாம்னு முடிவாச்சு. ஆனா சிடிக்குக் கண் இல்லை. குருக்கள் ஐயா ஒரு நாள் தீபாராதனையை ஒரே நிமிஷத்துல முடிப்பார். கூட்டம் இருந்தா மூணு நிமிஷம் காட்டுவார். திரை விலகும்போது சிடியில ஆலாபனை ஓடும், விபூதி கொடுக்கும்போது கெட்டிமேளம் முழங்கும். பார்க்கவே சங்கடமா இருந்துச்சு.

பியூர் டேட்டான்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. மில்லர் பக்கெட் என்பவர் 1990களில் உருவாக்கினது. அதுல வரி வரியா நிரல் எழுத வேண்டாம். திரையில சின்னச் சின்னப் பெட்டிகளை வைச்சு, ஒன்னுலேருந்து இன்னொன்னுக்குக் கோடு இழுக்கணும். மின்சார வயர் இணைக்கிற மாதிரிதான். ஒரு பெட்டி சத்தத்தைப் படிக்கும், அடுத்தது அளவைக் கூட்டிக் குறைக்கும், கடைசிப் பெட்டி ஸ்பீக்கருக்கு அனுப்பும். இதோட 16 பொத்தான் உள்ள பழைய மிடி பேட் ஒன்னு வாங்கினேன்.

சத்தம் வேணுமே! வித்வான்கள் கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு சாயங்காலம் அன்னதான மண்டபத்துல, காத்தாடியை எல்லாம் நிறுத்திட்டுப் பதிவு பண்ணோம். நாதஸ்வரத்துல சின்னச் சின்னத் துண்டுகள். தவில்ல இடது பக்கம் கழியால ஒரு அடி, வலது பக்கம் விரல் கூட்டால ஒரு அடின்னு தனித்தனியா. "ஒத்தை ஒத்தையா அடிக்கச் சொன்னா தவில் அழுவுது தம்பி"ன்னார் தவில் ஐயா.

ஏன் தனித்தனியா? பதிவு பண்ண தவிலை அப்படியே வேகமா ஓட்டினா சுருதியும் ஏறிடும். ரெட்டை வேகத்துல ஓட்டினா ஒரு ஸ்தாயி மேலே போயிடும், பொம்மை மேளம் மாதிரி. அடிகளைப் பிரிச்சு வைச்சா, அடிக்கும் அடிக்கும் நடுவுல உள்ள இடைவெளியை மட்டும் குறைச்சுக்கலாம். கெட்டிமேளம் இறுகும், சத்தம் மாறாது.

ஒரு துண்டை சடார்னு நிறுத்தினா "டக்"னு ஒலி வந்துச்சு. 20 மில்லிசெகண்ட்ல மெதுவா இறங்குற மாதிரி ஒரு பெட்டி சேர்த்ததும் போச்சு. ஒரு துண்டுலேருந்து இன்னொன்னுக்கு மாறும்போது நடுவுல சத்தம் குழி விழுந்த மாதிரி குறைஞ்சது. ரெண்டையும் பாதிப் பாதி வைக்கக்கூடாதாம், 0.707 வைக்கணுமாம். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூணு ராத்திரி.

முதல் வாரம் அர்ச்சனைக்கு நடுவுல தப்பான பொத்தானைத் தட்டிட்டேன். கெட்டிமேளம் வெடிச்சது. குருக்கள் ஐயா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கல.

இப்ப ஐயாவோட கையைப் பார்த்துக்கிட்டே வாசிக்கிறேன். தீபம் மேலே போனா மேளம் ஏறும். நீங்க பாராட்டினது சந்தோஷம்தான். ஆனா நிர்வாகக் குழுவுல ஒருத்தர், "இதுவே நல்லா இருக்கே, இனிமே எதுக்கு பெர்மிட், டிக்கெட், தங்குற இடம்?"னு கேட்டார். நான் வாய் திறக்கல. பாராட்டுல மயங்கிட்டேன், உண்மையைச் சொல்றேன்.

அடுத்த ஆள் வந்ததும் இதை நிறுத்திடணும்னு தவில் ஐயா அன்னைக்கே என்கிட்ட வாக்கு வாங்கியிருந்தார். நேத்து வாட்ஸ்அப்ல கூப்பிட்டார். "அங்க இப்ப யார் வாசிக்கிறா?"ன்னு கேட்டார். "நீங்கதான் ஐயா"ன்னேன். சிரிச்சார். அப்புறம், "அப்ப சம்பளம்?"னார். எனக்குப் பதில் வரல.

வர்ற ஞாயிறு காலை 10 மணிக்கு உறுப்பினர் கூட்டம். புது வித்வான்களுக்கு விண்ணப்பம் போட்டாச்சான்னு நான் எழுந்து கேட்கப் போறேன். முடிஞ்சவங்க வாங்க. அன்னதானமும் உண்டு.