ஒயர் நுழையும் இடம்

கோவை கணபதியில் எங்கள் பட்டறையில் இருப்பது மேசைமேல் வைக்கிற சின்ன சி.என்.சி. மில்லிங் மெஷின். போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, டேபிளைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோக ஹோமிங் கொடுத்தேன். டேபிள் இடப்பக்கம் நகர்ந்து எல்லைச் சுவிட்சைத் தொட்டது, நிற்கவில்லை. கடைசிவரை போய் முட்டிக்கொண்டு மோட்டார் உறுமியது. நான் எமர்ஜென்சி பட்டனை அடிப்பதற்குள் கப்ளிங் வழுக்கிவிட்டது. அன்று முழுக்க எனக்கு வேலையில் கை ஓடவில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். "ஒயர் அறுந்திருக்குங்களாண்ணா?" என்றேன்.

"அறுந்திருந்தா மெஷின் கிளம்பியே இருக்காதுங்க தம்பி. என்.சி.ல தான போட்டிருக்கோம்?"

ஆமாம். என்.சி. என்றால் சும்மா இருக்கும்போது இணைப்பு மூடியிருக்கும், அழுத்தினால் விடுபடும். ஒயர் அறுந்தாலும் கழன்றாலும் மெஷின் அதை எல்லை என்றே எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அந்த ஏற்பாட்டை நம்பித்தான் அத்தனை நாளும் நிம்மதியாக இருந்தேன்.

அண்ணன் சுவிட்சின் மூடியை நெம்பித் திறந்தார். பால் காய்ந்த பாத்திரம்போல உள்ளே வெள்ளைப் படிவு, அதில் இன்னும் ஈரம். வெட்டும் இடத்தில் ஊற்றுகிற கூலண்ட். இரண்டு டெர்மினலுக்கும் நடுவே அதுவே பாலம் போட்டிருந்தது. சுவிட்சில் இணைப்பு விடுபட்ட பிறகும் மின்சாரம் ஈரத்தின் வழியே கசிந்திருக்கிறது. கண்ட்ரோலரின் 5 வோல்ட் உள்ளீடு அதை மூடிய இணைப்பு என்றே நம்பியிருக்கிறது. அறுந்த ஒயரை என்.சி. காட்டிக்கொடுக்கும். உள்ளே புகுந்த தண்ணீரைக் காட்டிக்கொடுக்காது.

மாற்றுச் சுவிட்ச் தேடியபோது முதல் சிக்கல் இடம். டேபிளைத் தாங்கும் சாடிலுக்கும் கவருக்கும் நடுவே 12 மில்லிமீட்டர்தான். உலோக உடம்பும் உருளைக் கையுமாகப் பெரிய மெஷின்களில் வருகிற லிமிட் சுவிட்ச் அங்கே நுழையாது. எம்8 பிராக்சிமிட்டி சென்சார் நுழையும். தொடாமலே உணரும், தேய்மானமும் இல்லை. ஆனால் நாங்கள் வார்ப்பிரும்பும் ஓட்டுகிறோம். முகப்பில் சீவல் குவிந்தால் டேபிள் வந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். ஆகவே சீல் செய்த மைக்ரோ சுவிட்ச்தான் என்று முடிவு செய்தேன்.

அடுத்து, தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு காக்கும் என்று சொல்கிற ஐ.பி. எண். ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் எல்லாத் தண்ணீரையும் தாங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். 6 என்பது தூசி புகாமை. 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும் கெடும் அளவுக்குத் தண்ணீர் புகாமை. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு 5, 6 என்று தனிச் சோதனை உண்டு. 7 வாங்கியதாலேயே அவற்றிலும் தேறியதாக ஆகாது. நாசிலிலிருந்து கூலண்ட் பீய்ச்சுகிற இடத்தில் இது முக்கியம். சோதனையும் வெறும் தண்ணீரில்தான். எண்ணெயும் சோப்புத்தன்மையும் கலந்த கூலண்ட், தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழையும்.

அதனால் நான் எண்ணைவிட ஒயர் நுழையும் இடத்தைத்தான் அதிகம் பார்த்தேன். பழைய சுவிட்சில் முன்பக்க ரப்பர் புதிதுபோல இருந்தது. கூலண்ட் புகுந்தது பின்பக்கம், சால்டர் வைத்த கால்களின் வழியே. புதிதாக வாங்கியதில் ஒயர் உடம்போடு சேர்த்தே வார்க்கப்பட்டு வருகிறது. கால் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரகத்தை, எத்தனை மலிவாகக் கிடைத்தாலும், கூலண்ட் பக்கம் யாரும் வைக்க வேண்டாம் என்பேன்.

பொருத்தும்போது டேபிளை நேராக வந்து இடிக்க விடவில்லை. அழுத்தம் விழுந்த பிறகு இந்தச் சுவிட்சுகளின் பொத்தான் உள்ளே போக மிச்சமிருக்கிற தூரம் கொஞ்சம்தான், இடித்தால் நசுங்கிவிடும். சாய்வாகச் சீவிய ஒரு பித்தளைக் கட்டை பக்கவாட்டில் வந்து தடவிவிட்டுப் போகிறது. ஒயரைக் கீழே இறக்கி, ஒரு வளைவு கொடுத்து, பிறகு மேலே ஏற்றினோம்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் கவரைக் கழற்றிப் பார்த்தேன். ஒயர் வளைவின் அடியில் வெள்ளையாக ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சுவிட்சின் பின்பக்கத்தை விரலால் தடவினேன். காய்ந்திருந்தது.